கண்பாவையை அளந்தவர்கள்

மூன்று ஆண்டுகளுக்கு முன் ஒரு தை மாத இரவில், ஸ்காபரோவில் வசிக்கும் என் மைத்துனர் தம் வீட்டு வாசலில் உறைந்து கிடந்த பனிக்கட்டியில் வழுக்கி வீழ்ந்தார். பின்மண்டையில் பலத்த அடி. வைத்தியசாலையின் அவசர சிகிச்சைப் பிரிவில் விடியும்வரை அவர் கட்டிலருகே இருந்தவன் நான். மணிக்கொரு தடவை தாதி வருவார். பெயர் என்ன, இது எந்த மாதம், இப்போது எங்கே இருக்கிறீர்கள் என்று கேட்பார். பின்னர் பேனையளவான சிறு ரோச் ஒன்றை எடுத்து, இமையை விலக்கி, முதலில் வலக்கண்ணிலும் அடுத்து இடக்கண்ணிலும் ஒளியைப் பாய்ச்சுவார். சில விநாடிகள் உற்று நோக்குவார். தாளில் ஏதோ ஓர் எண்ணை எழுதிவிட்டுப் போவார். மூன்றாம் முறை வந்தபோது கட்டிலின் தலைமாட்டு விளக்கை அணைக்கும்படி என்னிடம் கேட்டார். "இவருடைய கண்கள் மிகவும் கரியவை. மணி எது, அதைச் சூழ்ந்த வளையம் எது என்று பிரித்தறியக் கடினமாக இருக்கிறது" என்றார்.

அவர் எழுதும் எண் எதைக் குறிக்கிறது என்று கேட்க எனக்கு அப்போது துணிவு வரவில்லை. நான் கலைப்பட்டதாரி, ஊரிலே எட்டு ஆண்டுகள் தமிழும் வரலாறும் படிப்பித்தவன், மருத்துவம் அறியாதவன். ஆயினும் அந்த ரோச் வெளிச்சம் என் மனத்தை விட்டு அகலவில்லை. அடுத்து வந்த மாதங்களில் நகர நூலகத்தில் தேடித் தேடிப் படித்தேன். படிக்கப் படிக்க, இது வெறும் மருத்துவச் செய்தியன்று, நம்மைப் போன்று நாடிழந்து வந்தவர்களுக்கும் தொடர்புள்ள வரலாறு என்பது புலனாயிற்று. அதனாலேயே இதனை இங்கு எழுதத் துணிந்தேன்.

முதலில் சொல்லிலிருந்து தொடங்குவோம். கண்ணின் நடுவிலுள்ள கரிய வட்டத்தை நாம் கண்மணி என்கிறோம்; கண்பாவை என்றும் சொல்கிறோம். பாவை என்றால் பொம்மை. ஒருவருடைய கண்ணை மிக அருகிற் சென்று நோக்கினால் அக்கருமைக்குள் நம்முடைய உருவமே சிறு பொம்மை போலத் தெரியும். இதைக் கண்டு பெயரிட்டவர்கள் நாம் மட்டும் அல்லர். இலத்தீன் மொழியில் 'பூப்பில்லா' என்றால் சிறு பெண், பொம்மை. அதுவே கண்மணிக்கும் பெயர். கிரேக்கத்தில் 'கோரே' என்றால் கன்னி, அதுவும் கண்மணி. வடமொழியின் 'கனீனிகா'வும் அவ்வாறே. வள்ளுவர் காமத்துப்பாலில், தன் காதலிக்கு இடம் போதவில்லை என்று கூறிக் கண்ணுள் இருக்கும் பாவையை எழுந்து போகச் சொல்லும் காதலன் ஒருவனைக் காட்டுகிறார். வெவ்வேறு மொழிகள் ஒரே காட்சியைக் கண்டு ஒரே பெயரை இட்டிருப்பது வியப்புக்குரியது. ஆங்கிலத்தில் கண்மணிக்கும் மாணவனுக்கும் ஒரே சொல் வழங்குவதும் இந்த இலத்தீன் வேரிலிருந்து வந்ததே. பெற்றோரை இழந்து பிறர் பாதுகாப்பில் வளரும் சிறுவனை உரோமர் 'பூப்பில்லுஸ்' என்றனர். அது பின்னர் மாணவனுக்கு ஆகிவந்தது. வகுப்பறையில் நின்றவனுக்கு இச்சொல்மேல் ஒரு பற்று ஏற்படுவது இயல்புதானே.

பெயர் இத்தனை அழகாயினும், கண்மணி என்பது உண்மையில் ஒரு பொருளன்று, ஒரு துவாரம். கதிராளி என்னும் நிறமுள்ள வளையத்தின் நடுவே ஒளி புகுவதற்காக இருக்கும் வாயில். அவ்வளையத்தினுள் இரண்டு தசைகள் உள. ஒன்று துவாரத்தைச் சுருக்கும், மற்றையது விரிக்கும். கடும் வெயிலில் அதன் விட்டம் 2 மில்லிமீற்றர் வரை சுருங்கும்; இருளில் 8 மில்லிமீற்றர் வரை விரியும். இரண்டு தசைகளும் நம் விருப்பத்துக்குக் கட்டுப்படாத தன்னாட்சி நரம்புகளால் இயங்குகின்றன. கையை உயர்த்து என்றால் உயர்த்தலாம். கண்மணியை விரி என்றால் எவராலும் நினைத்தவுடன் விரிக்க இயலாது. உள்ளே நடப்பதை உடையவனின் அனுமதியின்றி வெளியே காட்டும் இடமாக அதனைப் பலர் கருதியமைக்குக் காரணம் இதுவே.

கி.பி. 2ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த கிரேக்க வைத்தியர் கலன், ஒரு கண்ணை மூடினால் மறு கண்ணின் மணி விரிவதைக் கவனித்திருந்தார். மூளையிலிருந்து ஒருவகை உயிர்க்காற்று கண்ணுக்கு வருகிறது, ஒரு வழியை அடைத்தால் அது மறு வழியால் பெருகுகிறது என்று அவர் விளக்கம் கூறினார். விளக்கம் பிழை; கவனிப்புச் சரி. கண்புரை நோயாளிக்குச் சத்திரசிகிச்சை செய்து பயனுண்டா என்று அறிய இதையே சோதனையாகவும் அவர் பயன்படுத்தினார். பதினான்கு நூற்றாண்டுகளின் பின், இத்தாலியின் பதுவா நகர ஆசிரியர் பப்ரீசியுஸ், 1600 இல் வெளியான தம் நூலில், ஒளிக்கு ஏற்பக் கண்மணி சுருங்கி விரிவதைத் தமக்குக் காட்டியவர் வெனிஸ் நகரத்துத் துறவி பாவ்லோ சார்ப்பி என்று நேர்மையாக எழுதியுள்ளார். ஆனால் அவருக்கு ஏழு நூற்றாண்டுகளுக்கு முன்பே பாரசீக வைத்தியர் அல் ராசி இதைப் பற்றித் தனியாக ஒரு சிறு நூல் எழுதியிருந்தார். ஐரோப்பிய நூல்கள் பலவற்றில் இச்செய்தி ஒரு வரியில் அடங்கிவிடுகிறது.

கண்மணியின் அசைவை ஓர் ஒழுங்கான ஆய்வுப் பொருளாக்கியவர்கள் 18ஆம் நூற்றாண்டின் இருவர். ஸ்கொட்லாந்தின் எடின்பரோ நகரத்து ரொபேட் விற் 1751 இல் உடலின் தன்னிச்சையற்ற அசைவுகள் பற்றிய நூலை வெளியிட்டார். தலையில் நீர் தேங்கி இறந்த குழந்தை ஒன்றின் கண்மணிகள் ஒளிக்கு அசையாதிருந்ததையும், இறந்த பின் திறந்து பார்த்தபோது மூளையின் ஆழத்தில் ஒரு பகுதி நசுங்கியிருந்ததையும் அவர் பதிவு செய்தார். கண்ணில் தெரியும் குறை மூளையின் குறையைக் காட்டலாம் என்ற எண்ணத்துக்கு வித்து இதுவே. இத்தாலியரான பெலீசே பொன்ரானா 1765 இல் இன்னொன்றை நிறுவினார். கதிராளியின்மேல் மட்டும் ஒளியை விழச் செய்தால் எதுவும் நிகழ்வதில்லை. உள்ளே விழித்திரையை ஒளி சென்றடைந்தாலே மணி சுருங்குகிறது. அச்சமுற்ற விலங்கின் கண்மணி வெளிச்சத்திலும் விரிகிறது என்பதையும் அவர் கண்டார். ஒளியை அறிவது ஒரு வழி, உணர்ச்சியை அறிவது இன்னொரு வழி என இக்கதை இரண்டாகப் பிரியும் சந்தி இதுதான்.

வைத்தியர்கள் முதல் வழியில் சென்றனர். 19ஆம் நூற்றாண்டில் இலண்டன் சத்திரசிகிச்சையாளர் ஜொனதன் ஹச்சின்சன், தலையில் அடிபட்டவரின் ஒரு கண்மணி மட்டும் அகன்று அசையாது நின்றால் அது பேராபத்தின் அறிகுறி என்று எடுத்துக்காட்டினார். மண்டையோடு விரிந்து கொடுக்காது. உள்ளே குருதி கசிந்தாலோ மூளை வீங்கினாலோ, அது கீழ்நோக்கித் தள்ளப்பட்டுக் கண்ணுக்குச் செல்லும் மூன்றாம் மண்டை நரம்பை நசுக்கும். கண்மணியைச் சுருக்கும் நார்கள் அந்நரம்பின் மேற்புறத்தில் ஓடுவதால் அவையே முதலிற் செயலிழக்கும். அப்பக்கத்து மணி அகலும். அந்நிலையில் ஒவ்வொரு நிமிடமும் பெறுமதியானது. தாதி மணிக்கொரு தடவை தேடியது இதைத்தான்.

எடின்பரோவின் இன்னொரு கண்வைத்தியர் ஆர்கைல் றொபேட்சன். 1869 இல், ஒளிக்குச் சுருங்காமல், அருகிலுள்ள பொருளைப் பார்க்கும்போது மாத்திரம் சுருங்கும் விசித்திரமான கண்மணிகளை விவரித்தார். மேகநோய் நரம்பு மண்டலத்தைத் தாக்கியதன் அடையாளம் அது என்பது பின்னர் உறுதியாயிற்று. மருத்துவ மாணவர் அனைவருக்கும் அவர் பெயர் பாடம். அவருடைய முடிவு பற்றி நான் படித்தது மறக்க முடியாதது. இந்தியாவுக்குப் பயணம் சென்றிருந்த அவர் 1909 சனவரியில் கத்தியவாரிலுள்ள கொண்டல் சமஸ்தானத்தில் காலமானார். எடின்பரோவில் மருத்துவம் கற்றவரான கொண்டல் மன்னர் பகவத்சிங் தாமே முன்னின்று ஆற்றங்கரையில் அவருக்குச் சிதை மூட்டினார். ஸ்கொட்லாந்தின் கண்வைத்தியருக்குக் குஜராத்தின் ஆற்றங்கரையில் மாணவர் ஒருவர் கொள்ளியிட்டார் என்பது எத்தகைய செய்தி!

மருந்து வகையிலும் ஒரு கதை உண்டு. இத்தாலியப் பெண்கள் கண் அழகாகத் தோன்றவென்று ஒரு செடியின் சாற்றைக் கண்ணில் விட்டுக்கொள்வார்களாம். அச்செடிக்கே 'அழகிய பெண்' எனப் பொருள்படும் பெல்லடோனா என்ற பெயர் நிலைத்துவிட்டது. நம் ஊர் வேலியோரத்து ஊமத்தையிலும் இதே இன நஞ்சு உண்டு. ஊமத்தங்காய் தின்ற பிள்ளை கண் அகன்று பிதற்றுவதை ஊர்ப் பெரியவர்கள் அறிவர். 1819 இல் ஜேர்மனியின் யேனா நகரில், ரூங்கே என்ற இளைஞர் இச்சாற்றை ஒரு கண்ணில் மட்டும் விட்ட பூனையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு மகாகவி கதேயின் வீட்டுக்குச் சென்றார். ஒரு மணி அகன்றும் மறு மணி ஒடுங்கியும் நின்ற பூனையைப் பார்த்து வியந்த கவிஞர் அவருக்குப் பரிசாகக் கொஞ்சம் கோப்பிக் கொட்டையைக் கொடுத்து, இதையும் ஆராய்ந்து பார் என்றார். அதிலிருந்து ரூங்கே பிரித்தெடுத்ததுதான் கபேன். நாம் காலையில் அருந்தும் கோப்பியின் வரலாற்றில் ஒரு பூனையின் கண்மணியும் இருக்கிறது.

இனி இரண்டாவது வழிக்கு வருவோம். வலியும் தொடுகையும் கண்மணியை விரிக்கின்றன என்று 1875 இல் மோரிற்ஸ் ஷிப் எழுதினார். மனக்கணக்குச் செய்யும்போது அது விரிவதை 1896 இல் ஹைன்ரிஹ் பதிவு செய்தார். ஜேர்மன் உளமருத்துவர் பும்கே 1911 இல் வெளியிட்ட பெருநூலில் சிந்தனை, முயற்சி, கவனம், உணர்ச்சி ஆகிய எல்லாமே கண்மணியை விரிக்கும் என்ற முடிவுக்கு வந்தார். ஆனால் இவர்கள் கண்டது மிகச் சிறிய அசைவு. ஒளியால் நிகழும் மாற்றம் பல மில்லிமீற்றர். சிந்தனையால் நிகழ்வது பெரும்பாலும் அரை மில்லிமீற்றரைத் தாண்டாது. அதை அளக்கக் கருவி வேண்டியிருந்தது.

அக்கருவியை உருவாக்கியவர் ஓர் அகதி. ஒட்டோ லோவென்ஸ்ரைன் 1889 இல் ஜேர்மனியில் யூதக் குடும்பத்திற் பிறந்தவர். பொன் நகரில் 1926 இல் உளநோயுற்ற சிறுவர்களுக்கென ஒரு வைத்தியசாலையைத் தொடங்கினார். அவ்வகையில் உலகின் முதல் வைத்தியசாலைகளுள் ஒன்றாக அது மதிக்கப்படுகிறது. கண்மணியின் அசைவைப் படச்சுருளிற் பதிந்து, படம் படமாக அளந்து, கோட்டுருவமாக வரையும் முறையையும் அவர் அங்கே வளர்த்து வந்தார். 1933 மார்ச் மாதம், ஹிட்லர் பதவியேற்று ஆறு வாரங்களுக்குள், நாசிக் குண்டர் படையினர் அந்த வைத்தியசாலையைக் கைப்பற்றினர். முன்னின்றவர்களில் ஒருவர் அதே பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஓர் உளவியலாளர் என்பதுதான் மனத்தை உறுத்துகிறது. லோவென்ஸ்ரைன் குடும்பத்தோடு தப்பியோடினார். முதலில் சார்லாந்து, பின்னர் சுவிற்சர்லாந்தின் நியோன், 1939 இல் நியூயோர்க். ஐம்பது வயதில் எல்லாவற்றையும் மீண்டும் முதலிலிருந்து தொடங்குவது என்றால் என்னவென்று இப்பத்திரிகையின் வாசகர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

அவர் தொடங்கினார். மியூனிக்கில் 1921 இல் பிறந்து அமெரிக்கா வந்து சேர்ந்த ஐரீன் லோவென்பெல்ட் என்ற இளம் பெண் அவருடைய உதவியாளரானார். இருவரும் சேர்ந்து 1958 இல், கண்ணுக்குப் புலப்படாத செங்கீழ்க்கதிரைப் பாய்ச்சி முழு இருளிலும் கண்மணியின் விட்டத்தைத் தொடர்ச்சியாக அளக்கும் மின்னணுக் கருவியை வெளியிட்டனர். சாதாரண ஒளியால் அளக்க முயன்றால் அவ்வொளியே மணியைச் சுருக்கிவிடும்; அளக்கும் செயலே அளவைக் கெடுக்கும். அத்தடையைச் செங்கீழ்க்கதிர் நீக்கியது. இன்னொரு நன்மையும் உண்டு. சாதாரண வெளிச்சத்தில் கருநிறக் கதிராளிக்கும் கரிய மணிக்கும் வேறுபாடு தெரிவது அரிது. செங்கீழ்க்கதிரை எந்நிறக் கதிராளியும் திருப்பி அனுப்புவதால் நம் போன்றோரின் கண்ணிலும் எல்லைக்கோடு துலக்கமாகத் தெரியும். களைப்புற்றவரை இருளில் இருத்தினால் அவருடைய கண்மணி அலை போல ஏறி இறங்குவதையும் அவர்கள் கண்டறிந்தனர். லோவென்ஸ்ரைன் 1965 இல் மறைந்தார். லோவென்பெல்ட் அம்மையார் தொடர்ந்து உழைத்து, 1993 இல் கண்மணி பற்றி இரண்டாயிரம் பக்கங்களைக் கடந்த இரு தொகுதிகளை வெளியிட்டார். ஒரு துவாரத்தைப் பற்றி இரண்டாயிரம் பக்கம்! ஆனால் அது வீண் உழைப்பன்று. இத்துறையினர் இன்றும் எடுத்துப் பார்க்கும் நூல் அது.

இதே காலத்தில் சிக்காகோப் பல்கலைக்கழகத்து உளவியலாளர் எக்ஹார்ட் ஹெஸ் வேறொரு திசையிற் சென்றார். ஓரிரவு படுக்கையில் அழகிய விலங்குப் படங்கள் அடங்கிய நூலொன்றைப் புரட்டிக்கொண்டிருந்தாராம். அருகிலிருந்த மனைவி, வெளிச்சம் போதவில்லைப் போலும், உங்கள் கண்மணி பெருத்திருக்கிறது என்றார். வெளிச்சம் போதுமானதாகவே இருந்தது. அடுத்த நாளே ஹெஸ் ஆய்வுகூடத்தில் சோதிக்கத் தொடங்கினார். 1960 இல் அவரும் போல்ற் என்பவரும் வெளியிட்ட கட்டுரையில் ஆண்கள் நால்வர், பெண்கள் இருவர், ஆக ஆறு பேரே சோதிக்கப்பட்டிருந்தனர். குழந்தை, தாயும் குழந்தையும், ஆடையற்ற ஆண், ஆடையற்ற பெண், இயற்கைக் காட்சி ஆகிய படங்களைக் காட்டி, மணியைப் படம் பிடித்து அளந்தனர். விருப்பமானதைக் கண்டால் மணி விரிகிறது என்றார் ஹெஸ். வெறுப்பானதைக் கண்டால் சுருங்குகிறது என்றும் பின்னர் சேர்த்துக்கொண்டார். இந்த இரண்டாவது கூற்றுத்தான் வினையாயிற்று. லோவென்பெல்ட் அம்மையார் 1966 இல் இதைக் கடுமையாக மறுத்தார். வெறுப்பும் அச்சமும் கூட மணியை விரிக்கவே செய்யும்; சுருக்கம் தெரிந்தால் அது பெரும்பாலும் படத்தின் வெளிச்சத்தால் வந்தது என்பது அவர் வாதம். பின்வந்த ஆய்வுகள் அவர் பக்கமே நின்றன.

ஹெஸ்ஸின் இன்னோர் ஆய்வு நிலைத்தது. 1964 இல் மனக்கணக்குக் கொடுத்துப் பார்த்தார். 7ஐ 8ஆற் பெருக்கும்போது மணி சிறிது விரிந்தது. 16ஐ 23ஆற் பெருக்கும்போது ஏறத்தாழ இரு மடங்கு விரிந்தது. விடை சொன்னவுடன் பழைய நிலைக்குத் திரும்பியது. இரண்டு ஆண்டுகளின் பின் மிச்சிகனில் டானியல் கானமன், ஜக்சன் பீற்றி ஆகியோர் மூன்று முதல் ஏழு வரையான இலக்கங்களை ஒவ்வொன்றாகச் சொல்லி நினைவில் வைக்கச் செய்தனர். ஒவ்வோர் இலக்கம் ஏறும்போதும் மணி ஒரு படி விரிந்தது; ஒவ்வொன்றாகத் திருப்பிச் சொல்லும்போது ஒரு படி சுருங்கியது. சுமை ஏற்றி இறக்குவதைக் கண்ணாற் காண்பது போல் இருந்ததாம். யாரேனும் முயற்சியைக் கைவிட்டால் அக்கணமே மணி ஒடுங்கும். ஏன் நிறுத்திவிட்டீர்கள் என்று இவர்கள் கேட்கும்போது அவர்கள் திகைத்துப் போவார்கள் என்று கானமன் பின்னாளில் எழுதினார். இவரும் நாசி ஆக்கிரமிப்பின் கீழ் பிரான்சில் ஒளிந்து வளர்ந்த யூதச் சிறுவன். 2002 இல் பொருளியலுக்கான நோபல் பரிசு பெற்றார். 2024 இல் காலமானார். இதைப் படித்தபோது கரும்பலகையின் முன் நின்று வாய்ப்பாடு சொன்ன பிள்ளைகள் என் நினைவுக்கு வந்தனர். விடை தெரியாமல் நிற்கும் பிள்ளை வேறு. விடையைத் தேடிக்கொண்டிருக்கும் பிள்ளை வேறு. இரண்டையும் ஒன்றெனக் கருதி நான் அவசரப்பட்டு உட்காரச் சொன்ன பிள்ளைகள் எத்தனை பேரோ!

இதுவரை சொன்னது அறிவின் கதை. இனிச் சொல்வது நாம் வாழும் இந்தக் கனடாவில், ஒட்டாவாவில் நடந்தது. சோவியத் ஒன்றியத்துடனான பனிப்போர்க் காலத்தில், ஓரினச்சேர்க்கையாளர் அரச பணியில் இருந்தால் எதிரி அவர்களை அச்சுறுத்தி இரகசியங்களைக் கறந்துவிடுவான் என்று அரசு கருதியது. எனவே அத்தகையோரைக் கண்டுபிடித்து வெளியேற்றும் வேலை கனேடியப் பொலிசாரிடம் ஒப்படைக்கப்பட்டது. பின்தொடர்ந்தனர், நண்பர்களின் பெயரைச் சொல்லும்படி மிரட்டினர். 1960களின் இறுதியில் அவர்களுடைய கோவைகளில் ஒன்பதாயிரத்துக்கும் மேற்பட்ட பெயர்கள் இருந்தன. இவ்வேலையை 'விஞ்ஞான' முறையிற் செய்து தருவதாக முன்வந்தவர் கார்ள்ரன் பல்கலைக்கழக உளவியலாளர் ரொபேட் வேக். 1960களின் தொடக்கத்தில் அமெரிக்கா சென்று அங்குள்ள முறைகளைப் பார்வையிட்டுத் திரும்பி, ஹெஸ்ஸின் சோதனையை அடிப்படையாகக் கொண்டு ஒரு திட்டத்தை வகுத்தார். சந்தேகத்துக்குரியவரை ஒரு பெட்டியினுள் தெரியும் படங்களைப் பார்க்க வைப்பது. ஆண் படம், பெண் படம் மாறி மாறி வரும். கமரா கண்மணியைப் பதியும். எந்தப் படத்துக்கு மணி விரிகிறதோ அதுவே அவருடைய உள்ளத்தின் வாக்குமூலம்! பொலிசார் இதற்குக் கேலியாக இட்ட பெயர் 'பழ இயந்திரம்'. பழம் என்பது அக்காலத்தில் இம்மக்களை இழித்துரைத்த கொச்சைச் சொல்.

இயந்திரம் வேலை செய்யவில்லை. ஒரு படம் மற்றதிலும் வெளிச்சமாக இருந்தால் அவ்வெளிச்சமே மணியைச் சுருக்கிவிடும். ஆளின் உயரம், கண்ணின் அளவு, இரு கண்களுக்கும் இடைப்பட்ட தூரம் எல்லாம் ஆளுக்கு ஆள் வேறுபட்டன, அளவெடுப்பே குழம்பியது. ஒப்பீட்டுக்காகச் 'சாதாரண' ஆண்களாக வந்து அமரப் பொலிசாரையே கேட்டபோது, தம்மை இயந்திரம் தவறாகக் காட்டிவிடுமோ என்று அவர்கள் பின்வாங்கினர். பிறரைச் சோதிக்க ஏற்ற கருவி தமக்கு மட்டும் ஆகாதென்று கண்ட அவர்களின் சாமர்த்தியம் குறிப்பிடத்தக்கது. 1967 இல் திட்டம் கைவிடப்பட்டது. ஆனால் ஆட்களை விலக்கும் வேலை நிற்கவில்லை. 1969 இல் சட்டம் திருத்தப்பட்ட பின்னரும் அரச சேவையிலும் படையிலும் பலர் தொழிலை இழந்தனர். படையில் அத்தடை 1992 இலேயே நீங்கியது. அதே ஆண்டில், தகவல் பெறும் சட்டத்தின் மூலம் கிடைத்த ஆவணங்களைக் கொண்டு பத்திரிகைகள் இயந்திரத்தின் கதையை விரிவாக வெளிக்கொணர்ந்தன. 2017 நவம்பர் 28 இல் பிரதமர் ஜஸ்ரின் ரூடோ நாடாளுமன்றத்தில் மன்னிப்புக் கோரினார். 14 கோடியே 50 இலட்சம் டொலர் வரையான இழப்பீட்டு உடன்பாடும் ஏற்பட்டது. இத்தகைய மக்களைப் பற்றி நம் சமூகம் இன்றும் வாய்திறந்து பேசுவதில்லை. அது எவ்வாறாயினும், ஓர் அரசு ஒருவருடைய கண்ணுக்குள் புகுந்து அவர் யார் எனத் தீர்ப்பெழுத முற்பட்டது என்பதை நாம் அறியாமல் இருக்கலாகாது.

வேக்கின் பிழை வெறும் கருவிப் பிழையன்று. மூளையின் அடித்தண்டில் 'நீலப்புள்ளி' எனப் பொருள்படும் இலத்தீன் பெயர் கொண்ட மிகச் சிறிய நரம்புத் திரள் ஒன்று உண்டு. அதன் இயக்கமும் கண்மணியின் விரிவும் சேர்ந்து செல்வதைக் குரங்குகளிற் செய்த ஆய்வொன்று 2016 இல் காட்டியது. அந்த நரம்புத் திரள் விழிப்பின் காவலன். அச்சத்துக்கும் எழும், ஆசைக்கும் எழும், கடினமான கணக்குக்கும், நோவுக்கும், எதிர்பாராத ஓசைக்கும் எழும். உள்ளே ஏதோ எழுந்தது என்பதைக் கண்மணி சொல்லும். எது எழுந்தது என்பதைச் சொல்லாது.

இதை அறியாதவர்கள் இன்னும் இருக்கிறார்கள். 2014 இல் அமெரிக்காவின் யூற்றா மாநில நிறுவனமொன்று, கணினித் திரையில் வசனங்களை வாசிக்க வைத்து, கண்ணின் அசைவையும் மணியின் விட்டத்தையும் அளந்து, ஒருவர் பொய் சொல்கிறாரா என்று அரை மணி நேரத்திற் கூறும் கருவியை விற்பனைக்கு விட்டது. பொய் சொல்வதற்கு மனம் அதிகம் உழைக்க வேண்டும் என்பது அதன் அடிப்படை. உண்மையைச் சொல்லப் பயப்படுபவரின் மனமும் உழைக்கத்தானே செய்யும்! 2016 முதல் 2019 வரை ஐரோப்பிய ஒன்றியம் 45 இலட்சம் யூரோ செலவில் ஹங்கேரி, கிரேக்கம், லத்வியா ஆகிய நாடுகளின் எல்லைகளை மனத்திற் கொண்டு ஒரு பரிசோதனைத் திட்டத்தை நடத்தியது. அது அளந்தது கண்மணியையன்று. திரையிலுள்ள பொம்மைக் காவலரின் கேள்விக்குப் பதில் சொல்லும் பயணியின் முகத்தில் தோன்றும் நுண்ணசைவுகளை. எனினும் எண்ணம் ஒட்டாவாப் பெட்டியின் எண்ணமே.

இங்கே என் கதையையும் சிறிது சொல்ல வேண்டியிருக்கிறது. கனடா வருவதற்கு முன் நான் தஞ்சம் கோரிய நாடொன்றில் விசாரணை நடந்தது. மொழிபெயர்ப்பாளர் அருகே இருக்க, மேசைக்கு அப்பால் இருந்த அதிகாரியிடம் நடந்ததை நடந்தபடி சொன்னேன். பெரியவர்கள் முன்னும் அதிகாரிகள் முன்னும் நிமிர்ந்து கண்ணைப் பார்த்துப் பேசுவது மரியாதையன்று என்று வளர்ந்தவன் நான். என் மாணவருக்கும் அதையே பழக்கினேன். சோதனைச் சாவடிகளில் நிமிர்ந்து பார்த்தவர்களுக்கு நேர்ந்ததையும் கண்டிருக்கிறேன். ஆகவே மேசையைப் பார்த்தே பதில் சொன்னேன். மூன்று மாதங்களின் பின் வந்த மறுப்புக் கடிதத்தில், விண்ணப்பதாரர் கேள்வி கேட்டவரின் கண்ணைப் பார்ப்பதைத் தவிர்த்தார் என்று ஒரு வரி இருந்தது. அன்று என் கண்மணியை யாராவது அளந்திருந்தால் அது நன்றாக விரிந்தே இருந்திருக்கும் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஏனென்று அந்த அளவுகோல் சொல்லியிராது.

வைத்தியசாலைகளில் நிலைமை நேர்மாறானது. அங்கே கண்மணியிடம் கேட்கப்படுவது, அதனாற் சொல்லக்கூடிய ஒன்று மட்டுமே. தாதியர் 'விரைவு', 'மந்தம்', 'இல்லை' என்று எழுதும் குறிப்பு ஆளுக்கு ஆள் மாறுபடுவதால், கையிற் பிடித்து ஒரு கணம் ஒளி பாய்ச்சி, மணி எவ்வளவு, எத்தனை வேகத்திற் சுருங்கியது என்று செங்கீழ்க்கதிரால் அளந்து எண்ணாகத் தரும் கருவிகள் தீவிர சிகிச்சைப் பிரிவுகளுக்கு வந்துவிட்டன. இரு ஜேர்மன் பிறப்பினர் நியூயோர்க்கில் அமைத்த கருவியின் பேரப்பிள்ளைகள் அவை. கிளாஸ்கோவில் 1974 இல் வகுக்கப்பட்ட மயக்கநிலை அளவுகோலுடன், ஒளிக்கு அசையாத கண்மணிகளின் எண்ணிக்கையைக் கழித்துக் கணிக்கும் முறையொன்றும் 2018 இல் முன்வைக்கப்பட்டது. கருநிறக் கண்ணுடையோருக்கு இத்தகைய கருவிகள் எல்லா வைத்தியசாலைகளிலும் கிடைக்க வேண்டும் என்று நான் விரும்புகிறேன். ரோச் வெளிச்சத்தில் கண்ணைச் சுருக்கிப் பார்த்த அந்தத் தாதியும் விரும்புவார்.

விடியற்காலை ஐந்து மணிக்கு அவர் கடைசியாக வந்தார். இம்முறை நான் துணிந்து கேட்டேன். தாளைத் திருப்பிக் காட்டினார். வலம் 3, இடம் 3, இரண்டும் விரைவு என்று எழுதியிருந்தது. மைத்துனர் கண்ணைத் திறந்து, வெளியே இன்னும் பனி கொட்டுகிறதா என்று கேட்டார்.